குரங்கின் கன்னத்தில் மூன்று உரு

பொன் வேலை செய்கிறவள் ஒருத்தி, "பொன்னைக் குரங்கு தூக்கிக்கொண்டு போய்விட்டது" என்று சொன்னால் யாராவது நம்புவார்களா? நானே நம்பமாட்டேன். என்னிடம் யாராவது வந்து அப்படிச் சொல்லியிருந்தால், "ஏன்டியம்மா, யானை தூக்கிட்டுப் போச்சுன்னு சொல்ல வேண்டியதுதானே" என்று கேட்டிருப்பேன். ஆனால் போன வருஷம் வைகாசியில், பள்ளத்தூரில் ஒரு கல்யாண வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டு நான் அதையேதான் சொல்ல வேண்டி வந்தது.

காரைக்குடியில் எங்களுக்குச் சின்ன நகைப் பட்டறை இருக்கிறது. உருக்குவதும் ஒட்டுவதும் என் வீட்டுக்காரர். கோப்பது நான். அதிலும் கழுத்திரு கோப்பதற்கென்றே என்னைத் தேடி வருவார்கள். கழுத்திரு என்பது நகரத்தார் வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணத்தில் பூட்டுகிற பெரிய தாலி. உரு என்று சொல்லும் சின்னத் துண்டுகளும் மணிகளும் பெரிய பதக்கங்களுமாக முப்பதுக்கு மேல் உருப்படிகளை, மஞ்சள் தடவிய நூல்களில் வரிசை மாறாமல் கோக்க வேண்டும். கையும் கண்ணும் நிதானமாக இருக்க வேண்டிய வேலை. எனக்கு நாக்குத்தான் நிதானம் இல்லை, கைக்கு ஒரு குறையும் கிடையாது.

கழுத்திருவைப் பட்டறைக்கு அனுப்பமாட்டார்கள், நாங்கள்தான் அவர்கள் வீட்டுக்குப் போய்க் கோக்க வேண்டும். கோத்து முடிக்கிறவரை எதிரில் வீட்டு ஆள் ஒருவர் உட்கார்ந்திருப்பார். மரியாதைக்குக் காப்பி கொடுப்பார், மழை வருமா என்று கேட்பார், கண் மட்டும் என் விரலைவிட்டு நகராது. "தாய்ப்பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் தட்டான்" என்று பழமொழி போட்டு வைத்திருக்கிற நாட்டில் வேறு எப்படி இருக்கும்? வாக்கப்பட்டு வந்த புதிதில் எனக்கு ரத்தம் கொதிக்கும். பிறகு பழகிப்போனது என்று எல்லோரிடமும் சொல்வேன். பழகவில்லை என்பதுதான் உண்மை.

குரங்குகளை எனக்கு எப்படித் தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பட்டறை மாடியில். சன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுக் கொய்யா மரம். வாரத்துக்கு இரண்டு நாளாவது ஒரு கூட்டம் ஓட்டு வழியாக வரும். கண்ணுக்கு ஓய்வு கொடுக்கத் தலை தூக்கும்போதெல்லாம் அவைதான் தெரியும். வருஷக்கணக்காகப் பார்த்ததில் ஒன்று பிடிபட்டது. கூட்டத்துக்கு ஒரு தடியன் உண்டு. அவன் பார்வையில் இருக்கிற பழத்தைச் சின்னக் குரங்குகள் தொடாது. தொட்டால் கடி விழும். ஆனால் துவைக்கிற கல்லுக்குப் பின்னால், அவன் கண்ணுக்கு எட்டாமல் ஒரு கொய்யா கிடந்தால், ஒரு சின்னப் பெட்டைக் குரங்கு அதைப் பார்க்காதது மாதிரியே தொடையைச் சொறிந்துகொண்டு, பேன் தேடுகிற பாவனையில் மெதுவாக நகரும். கல்லுக்குப் பின்னால் போனதும் பழம் வாய்க்குள். தான் எதைப் பார்க்கிறோம் என்பது எல்லா மிருகத்துக்கும் தெரியும். அடுத்தவன் எதைப் பார்க்கிறான் என்பதும் இதற்குத் தெரிகிறதே என்று நான் அசந்து போய் உட்கார்ந்திருப்பேன்.

"குரங்கு மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தா உன் மூஞ்சியும் அப்படி ஆயிரும்" என்பார் என் வீட்டுக்காரர்.

"முப்பது வருசமா உங்க மூஞ்சியப் பாக்குறேன். ஆகுறதா இருந்தா எப்பவோ ஆயிருக்கும்" என்பேன்.

பள்ளத்தூர் வீட்டுக்கு வருகிறேன். அந்த வீட்டு ஆச்சிக்கு ஒரே மகள், கல்யாணம் இரண்டு நாளில். ஆச்சியின் சொந்தக் கழுத்திருவைத்தான் மகளுக்குப் பூட்டுவதாக இருந்தது. அதில் மூன்று உருவுக்கு வளையம் தேய்ந்துவிட்டதால் அந்த மூன்றை மட்டும் நாங்கள் புதிதாகச் செய்தோம். புதுப் பொன் முதலில் பிள்ளையார்பட்டிக்குப் போக வேண்டும் என்பது ஆச்சியின் ஆசை. அன்றைக்கு விடியற்காலையிலேயே பஸ் ஏறிப் போய், மஞ்சள் துணியில் முடிந்து, சன்னதியில் வைத்து வாங்கினேன். குருக்கள் அந்த முடிச்சின் மேலேயே ஒரு மோதகத்தையும் வைத்துக் கொடுத்தார். வெல்லமும் நெய்யும் துணியில் ஊறிவிட்டன. மோதகத்தை ஆச்சிக்கென்று இலையில் எடுத்து வைத்தேன். துணியை மட்டும் மாற்றவில்லை. சாமி காலடியிலிருந்து வந்த துணியை மாற்ற எங்கள் ஆட்களுக்கு மனசு வராது. அதோடு விட்டேனா? பள்ளத்தூர் போய்ச் சேர்ந்ததும் மஞ்சளில் பிள்ளையார் பிடித்து, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வாழைப்பழம் வைத்து, பழத்துக்குப் பக்கத்திலேயே வெல்ல வாசனை அடிக்கிற அந்த முடிச்சையும் வைத்தேன். பொன்னைத் திருட வா என்று குரங்குக்குத் தாம்பூலம் வைத்து அழைத்தவள் நான்தான்.

முற்றத்துக்கு மேலே எப்போதும் கம்பிவலை உண்டு. அன்றைக்குப் பந்தல்காரர்கள் மூங்கில் ஏற்றுவதற்காக ஒரு பக்கம் கழற்றியிருந்தார்கள். எனக்கு எதிரில் உட்கார்ந்தவர் ஆச்சியின் கொழுந்தனார், சென்னையிலிருந்து வந்தவர். சரியாக நான் நூல் முறுக்க ஆரம்பித்த நேரம் அவருக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே வாசல் பக்கம் போனார். நான் நூலைத் தூணில் கட்டி, திரும்பி நின்று மஞ்சள் தடவினேன். தாம்பாளம் 'கிணுங்' என்றது. திரும்பிப் பார்த்தால், வயிற்றோடு குட்டி ஒட்டிக்கொண்டிருந்த ஒரு பெட்டைக் குரங்கு மூங்கிலில் ஏறிக்கொண்டிருந்தது. கையில் ஒரு வாழைப்பழம், வலது கன்னத்தில் எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு புடைப்பு. தாம்பாளத்தில் முடிச்சைக் காணோம்.

நான் போட்ட சத்தத்தில் கொழுந்தனார் ஓடி வந்தார். "குரங்கா? எங்குட்டு?" என்று மேலே பார்த்தார். மேலே வானம் மட்டும் இருந்தது. பந்தல்காரர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். பார்த்தவள் நான் ஒருத்திதான்.

அவர் கண் வானத்திலிருந்து இறங்கி என் பைக்கு வந்தது. "தப்பா நினைக்காதீக. பைய ஒருக்கா பாத்துருவோமே" என்றார். நல்ல மரியாதையான குரல். அந்த மரியாதைதான் எனக்குச் சுட்டது.

அதற்குள் ஆச்சி வந்துவிட்டார். 'பார்க்க வேண்டாம்' என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று அவர் முகத்தையே பார்த்தேன். சொல்லவில்லை. நானே பையைக் கவிழ்த்துக் கொட்டினேன். கத்தரிக்கோல், நூல்கண்டு, குறடு, கண்ணாடிக்கூடு, தலைவலி மாத்திரை. "சேலையையும் உதறணுமா, ஐயா?" என்று கேட்டேன். எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம் வந்தது. அந்த முடிச்சு கிடைக்காவிட்டால், சாகிறவரை நான் 'உருவை முழுங்கிட்டுக் குரங்கு மேல பழி போட்டவள்' ஆகிவிடுவேன். என் வீட்டுக்காரரும் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டேதான் பட்டறையில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

"ஆத்தா, மொட்டை மாடி பூராவும் குரங்கா இருக்கு!" என்று கல்யாணப் பெண் மேலேயிருந்து கத்தினாள். நான் படியில் எப்படி ஏறினேன் என்று எனக்குத் தெரியாது. முட்டிவலிக்காரி, எல்லோருக்கும் முன்னால் மேலே நின்றேன்.

பத்துப் பன்னிரண்டு இருக்கும். கைப்பிடிச் சுவர் மூலையில், சுண்ணாம்புச் சுதையால் செய்த லட்சுமி சிலைக்குப் பக்கத்தில் தடியன் உட்கார்ந்திருந்தான். அங்கிருந்து மாடி முழுவதும் அவன் பார்வைக்குள். படிக்கட்டுக் கூரையின் உச்சியில், கூட்டத்தைவிட்டுத் தள்ளி, குட்டியோடு அந்தப் பெட்டை. ஒரு காது கிழிந்திருந்தது. வலது கன்னம் அப்படியே புடைத்திருந்தது.

"அதுதான் ஐயா. கன்னத்தப் பாருங்க" என்றேன்.

"எல்லாக் குரங்குக்கும் கன்னம் அப்படித்தானே இருக்கு" என்றார் கொழுந்தனார்.

டீ குடித்துவிட்டு வந்த பந்தல்காரர்கள் வாழைப்பழத்தை வீசிப் பார்த்தார்கள். ஒவ்வொரு பழத்தையும் தடியனே நடந்து வந்து எடுத்துக்கொண்டான். கூரை மேல் இருந்தது அசையவில்லை. "ஒரு சரம் வெடியப் பத்த வச்சா பயந்து துப்பிரும்" என்று சொல்லி, கொழுந்தனார் கல்யாணத்துக்கு வாங்கி வைத்திருந்த வெடியைக் கொண்டுவர ஆள் அனுப்பினார்.

நான் படிவாசலை மறித்து நின்றேன். "வெடியப் போட்டீகன்னா அம்புட்டும் தோப்புக்குள்ள ஓடிரும். அப்புறம் எந்த மரத்தடியில துப்புச்சுன்னு யாரு தேடுறது? அரை மணி நேரம் குடுங்க. வாயில இருக்குறத அது கையாலயே எடுக்க வைக்கிறேன்."

"குரங்குக்கிட்ட பேசப் போறீகளா?" என்றார் அவர்.

"பேச வேணாம். அது எதுக்குப் பயப்படுதுன்னு எனக்குத் தெரியும்."

உண்மையிலேயே எனக்குத் தெரிந்திருந்தது. வெல்ல வாசனைக்காக அவசரத்தில் வாயில் அடக்கிக்கொண்டது. தின்கிற பண்டமா இல்லையா என்று வெளியே எடுத்துப் பார்க்கக்கூட அதற்கு வழியில்லை. எடுத்தால் தடியன் பார்ப்பான், பார்த்தால் பிடுங்குவான். எங்களைக் கண்டு அது பயப்படவில்லை. அவன் கண்ணுக்குத்தான் பயந்தது. அவன் பார்க்காத ஒரு இடம் கிடைத்தால், கன்னத்தைக் காலி செய்யும்.

அப்படி ஒரு இடமும் இருந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இரண்டடி அகலச் சந்து. மூலையிலிருக்கும் தடியனுக்குத் தெரியாது, கூரை உச்சிக்கு நன்றாகத் தெரியும். ஒரு படி நிலக்கடலை வாங்கி வந்து, அதில் கொஞ்சத்தைத் தொட்டிக்குப் பின்னால் குவித்துவிட்டு ஒதுங்கி நின்றேன்.

கிழிந்த காதுக்காரி கடலையைப் பார்த்தது. தடியனைப் பார்த்தது. இருந்த இடத்திலேயே இருந்தது. இரண்டு நிமிஷத்தில் தடியன் இறங்கி, அலட்சியமாக நடந்து, நேராகத் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து கடலையை மென்றான்.

"அவனுக்குல்ல நல்லா விருந்து வச்சிருக்கீக" என்றார் கொழுந்தனார். பந்தல்காரர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. கீழே வெடியைத் தேடுகிற சத்தம் கேட்டது.

என்ன தப்பு செய்தேன்? கடலையை முறத்தில் வைத்து, மாடியின் நடுவாக, அவன் மூக்குக்கு முன்னாலேயே நடந்து கொண்டுபோயிருக்கிறேன். போட்ட இடம் அவனுக்குத் தெரியாதுதான், ஆனால் போட்டது தெரியுமே. நான் யோசிக்காததை அந்தச் சின்னக் குரங்கு யோசித்திருந்தது. இப்போது அவன் பார்க்கிறானா என்பது மட்டும் அதற்குப் போதாது, முன்னாலேயே பார்த்துத் தெரிந்து வைத்திருக்கிறானா என்பதும் வேண்டும். அடி என் ராசாத்தி, என்னைவிட நீ கெட்டிக்காரி என்று மனசுக்குள் கும்பிட்டேன். அவமானம் போன இடம் தெரியவில்லை, எனக்கு உற்சாகம் வந்துவிட்டது.

ஆச்சியிடம் போனேன். "ஆச்சி, ஒரு தர்பூசணியப் பொளந்து நீங்களே எடுத்துட்டு வாங்க. அந்த வடக்கு ஓரத்துல வைங்க. அவன் குனிஞ்சு திங்கட்டும்." அந்த அம்மாள் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கீழே இறங்கிப்போனார்.

தர்பூசணி வந்தது. கடலையைத் தீர்த்துவிட்டு வந்த தடியன் எங்களுக்கு முதுகைக் காட்டி அதில் முகத்தைப் புதைத்தான். நான் முந்தானைக்குள் மீதிக் கடலையை மறைத்துக்கொண்டு, கையை வெளியே காட்டாமல், தொட்டியை ஒட்டி நடந்து, நடக்கிற வாக்கிலேயே சந்தில் சரியவிட்டேன். கூரை உச்சியிலிருந்து அது என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. நான் போட்டதைப் பார்த்தது. அவன் பார்க்கவில்லை என்பதையும் பார்த்தது.

இன்னும் ஒரு ஆபத்து இருந்தது. பந்தல்காரர்கள், ஆச்சி, கொழுந்தனார், பெண் என்று எல்லோரும் வாயைப் பிளந்து தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாம் ஒரு பக்கம் முறைத்துப் பார்த்தால் குரங்கும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கும். சன்னல் வழியாக நான் விளையாட்டாகப் பலமுறை செய்து பார்த்திருக்கிறேன். தடியன் ஒரு தடவை நிமிர்ந்து எங்கள் முகத்தைப் பார்த்தால் போதும், கதை முடிந்தது.

"அம்புட்டுப் பேரும் திரும்புங்க. தொட்டியப் பாக்காதீக. கோயில் கோபுரத்தப் பாருங்க" என்றேன் தாழ்ந்த குரலில். ஆச்சி முதலில் திரும்பினார். பந்தல்காரர்கள் திரும்பினார்கள். கொழுந்தனார் மட்டும், "நான் கண்ணால பாக்க வேணாமா?" என்றார்.

"தம்பி, திரும்புங்க" என்றார் ஆச்சி. கொழுந்தனார் திரும்பினார்.

அப்படி நாங்கள் ஏழெட்டுப் பேர், சாமி ஊர்வலத்துக்குக் காத்து நிற்கிற மாதிரி கோபுரத்தைப் பார்த்து வரிசையாக நின்றோம். என் மானம் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, திரும்பிப் பார்க்க முடியாது.

கல்யாணப் பெண்தான் சமர்த்து. தன்னைத்தானே படம் எடுப்பதுபோல் செல்போனை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தாள். அதில் அவள் தோளுக்குப் பின்னால் தொட்டி தெரிந்தது. "இறங்குது" என்றாள் மெல்ல. "தொட்டிக்குப் பின்னாடி போயிருச்சு. நின்னு எட்டிப் பாக்குது. அந்தப் பெருசத்தான் பாக்குது. இப்ப உக்காந்துருச்சு." கொழுந்தனார் தலையைச் சாய்த்துப் போனுக்குள் பார்த்தார். "கடலையத் தொடல. வாயில கைய விடுது. ஐயோ, புறங்கையால கன்னத்தத் தள்ளுது..."

"மஞ்சள்" என்றார் கொழுந்தனார். "மஞ்சத் துணி. துப்பிருச்சு! துப்பிருச்சு அண்ணி!"

"கத்தாதீக!" என்று எல்லோரும் சேர்ந்து அவரை அடக்கினோம். தடியன் தலையைத் தூக்கினான். எங்கள் முகத்தைப் பார்த்தான். நாங்கள் ஒருவர் விடாமல் கோபுரத்தைப் பார்த்தோம். அவனும் கோபுரத்தைப் பார்த்தான். அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் தர்பூசணிக்குத் திரும்பினான். பின்னால் கடலை உடைகிற சத்தம் நிதானமாகக் கேட்டது.

அது இரண்டு கன்னமும் நிறைய அடக்கிக்கொண்டு கூரைக்கு ஏறிய பிறகுதான் நான் போனேன். தொட்டி ஓரத்தில், எச்சில் ஈரத்தோடு கிடந்தது முடிச்சு. எடுத்து அவிழ்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவதின் ஓரத்தில் மட்டும் மெல்லிசாக ஒரு பல் பதிந்திருந்தது. கையை உயர்த்திக் காட்டினேன். பந்தல்காரர்கள் விசில் அடித்தார்கள். நான் சிரித்தேன், சத்தமாக, மூச்சு வாங்கும்வரை சிரித்தேன்.

கீழே வந்து மூன்றையும் பாலில் கழுவினோம். பல் தடத்தைத் தேய்த்துக் கொடுக்கிறேன் என்றேன். பெண் விடவில்லை. "தேய்க்காதீக அக்கா, இருக்கட்டும். இப்படி ஒரு கழுத்திரு யாருக்கு இருக்கு?" என்றாள்.

இந்தத் தடவை முற்றம் வேண்டாம் என்று உள்வீட்டு அறையில் பாயை விரித்தேன். கொழுந்தனார் சங்கடத்தோடு வாசலில் வந்து நின்றார். "இனிமே போன் எடுக்க மாட்டேன். எதிர்க்கவே உக்காந்திருக்கேன்" என்றார். அவர் தன் தப்பைச் சரிசெய்ய நினைத்துத்தான் சொன்னார், பாவம்.

ஆச்சி பொன் பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "நீங்க போயி பந்தலப் பாருங்க தம்பி. இங்குட்டு ஒருத்தரும் இருக்க வேணாம்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அப்பவே ஒரு வார்த்தை சொல்லிருக்கணும். வாயடைச்சு நின்னுட்டேன். மனசுல வச்சுக்காதீகம்மா. முடிச்சுட்டுக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய், கதவைத் தன் கையாலேயே இழுத்துச் சாத்தினார்.

முப்பது வருஷத்தில் எந்த வீட்டிலும் என்னையும் பொன்னையும் தனியாக விட்டுக் கதவைச் சாத்தியது கிடையாது. காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நூலை எடுத்தேன். யாரும் எட்டிப் பார்க்கவில்லை. கோப்பதற்குக் குறித்திருந்த நல்ல நேரம் முடியக் கால் மணி இருக்கும்போது கடைசி மணியைக் கோத்து முடிச்சுப் போட்டேன். கதவை நானே திறந்து, "ஆச்சி, வாங்க!" என்று வீடு முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டேன்.